சாக்குக்குள் கங்காணி

2025 மார்ச் 4, செவ்வாய்

பூனை இன்றைக்கும் என் கம்பளியில் படுத்திருந்தது. நான் அறைக்குள் வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடியும் படுத்துக்கொண்டது. வேலைக்காரனைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

இதை நானே எழுதினேன். வாசித்தும் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

போன வருடம் வரை இந்தப் பூனையைத் திட்ட வேண்டுமென்றால் வாயைத் திறந்துதான் திட்ட வேண்டும். பாதியிலேயே இருமல் வந்துவிடும், பிறகு மூச்சிழுப்பு. அடுப்படியிலிருந்து சம்பந்தியம்மா குரல் கொடுப்பாள்: "இருமி முடிச்சிட்டுத் திட்டுங்கண்ணே, பூனை எங்கயும் போயிறாது." இப்போது எழுத்தில் திட்டுகிறேன். எழுத்தில் திட்டினால் மூச்சு வாங்குவதே இல்லை. எழுபத்திரண்டு வயதில் எனக்கு இப்படி ஒரு வசதி கிடைக்கும் என்று யார் நினைத்தது?

சம்பந்தியம்மா என்றால் நல்லம்மா. என் மகள் சுதர்சினியின் மாமியார். கண்டிப் பக்கம் திகனயில் இந்தச் சின்ன வீட்டில் நாங்கள் நான்கு பேர். மகளும் மருமகன் மோகனராஜும் பல்லேகலவுக்கு வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நானும் அந்த அம்மாவும் பூனையும்தான். பூனைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் கங்காணி. எல்லார் வேலையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தான் மட்டும் ஒன்றும் செய்யாதாம், அதனால் அந்தப் பெயராம். தேயிலைத் தோட்டத்தில் என் அப்பாவைக் கன்னத்தில் அறைந்த ஒரு கங்காணி இருந்தான். இந்த வயதில் என் கம்பளியில் ஒரு கங்காணி படுத்துக் கிடப்பதை நான் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

மார்ச் 7, வெள்ளி

சாம்பிராணி. நல்லம்மா போட்ட புகையில் வீட்டுக்குள் ஆளை ஆள் தெரியவில்லை. கதிரையை வெளியே போட்டு உட்கார்ந்து அவளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். பிறகு அதைக் கிழித்துவிட்டேன், கோபம் தீர்ந்ததால் அல்ல, வரிகள் கோணலாகப் போயிருந்ததால்.

மார்ச் 9, ஞாயிறு

கோவில் மண்டபத்தில் முதியோர் எழுத்து வகுப்பு. மற்றவர்கள் எல்லாரும் வாசிக்கும்போது தேன்கூடு மாதிரி ஒரு இரைச்சல். நான் வாயை மூடிக்கொண்டு வாசித்தேன். டிலானி டீச்சர் பார்த்துவிட்டாள். "ஐயா உதடே அசையாம வாசிக்கிறார், எல்லாரும் பாருங்க."

என்னோடு படிக்கும் பாப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவரு வாசிக்கிறாரா, சும்மா பாத்துக்கிட்டு இருக்கிறாரான்னு எப்பிடி டீச்சர் தெரியும்?"

வாசித்ததை அப்படியே சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயைத் திறக்காமலே வாசித்துக்கொண்டு வந்தேன். பாமசி. சலூன். இங்கே குப்பை போடாதீர். ஊர் முழுவதும் என் காதில் மட்டும் இரகசியம் சொல்வது போல இருந்தது.

மார்ச் 12, புதன்

கண்டிக்குப் போனேன், இழுப்புக் கிளினிக்குக்கு. வழக்கமான டொக்டரைப் பார்த்த பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் பஸ்லினா. இழுப்புக்காரர்களின் நெஞ்சு ஏன் அடைக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். இரத்தம் எடுப்பார்கள், ஒரு மெசினில் ஊதச் சொல்வார்கள். பிறகு கையில் வரிசையாகச் சொட்டு மருந்து விட்டு ஊசி முனையால் இலேசாகக் குத்துவார்கள். ஒரு சொட்டில் தூசிப் பூச்சி, ஒன்றில் கரப்பான், ஒன்றில் புல். உடம்புக்கு எது ஆகாதோ அந்த இடம் தடித்து வீங்கும்.

"பூனையும் இருக்கா?"

"ஈக்குது ஐயா."

பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் இன்னும் விளக்கி முடித்திருக்கவில்லை. இத்தனை காலம் பெருவிரல் வைத்த ஆளுக்குக் கையெழுத்துக் கேட்டால் கை நிற்குமா?

பிறகும் விளக்கினாள். "எங்கட உடம்புக்குள்ள காவலுக்கு ஆக்கள் ஈக்குது ஐயா. கிருமி வந்தா அடிச்சுத் துரத்தத்தான். ஒங்கட காவல்காரர் ஆள் தெரியாம அடிக்கிறார். சும்மா வாற தூசியையும் அடிக்கிறார். அந்தச் சண்டையிலதான் மூச்சுக்குழாய் வீங்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோட்டத்தை விட்ட பிறகு பல்லேகலவில் ஒரு ஸ்டோரில் வாச்சராக இருந்தவன் நான். "நான் வாச்சர் வேலை பாத்த காலத்தில ஒருத்தரையும் ஆள் தெரியாம அடிச்சதில்ல மகள்," என்றேன். சிரித்தாள்.

"இதுல எனக்கு என்னா மருந்து?"

"இதில மருந்து இல்ல ஐயா. எந்தக் காவல்காரன் முதல்ல கை ஓங்குறான்னு கண்டுபிடிக்கத்தான் பாக்குறோம். அது தெரிஞ்சாத்தான் மருந்து."

"அப்ப என் ரத்தம் சும்மாவா?"

"பூனையா இல்லையான்னு தெரிஞ்சிக்கலாமே."

கெட்டிக்காரி.

மார்ச் 13, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. எல்லாரும் வீட்டில். சோறு போட்டதும் விசயத்தைச் சொன்னேன். மோகனராஜ் சண்டை பிடிக்கத் தெரியாத பையன். "டெஸ்டுல பூனைன்னு வந்தா பூனைய எங்கயாச்சும் குடுத்துருவோம். வரலைன்னா மாமா இனி அதப் பத்திப் பேசக் கூடாது. சரியா?"

"சரி," என்றேன்.

நல்லம்மா தட்டைக் கீழே வைத்தாள். "பூனை போனா நானும் போறேன்."

"எங்கம்மா போவ?"

"வத்தளையில கணேஸ் இருக்கான்ல."

கணேஸ் அவளுடைய இளைய மகன். ஒற்றை அறையில் பெண்சாதி பிள்ளையுடன் இருக்கிறான். கல்யாணம் கட்டிப் போனதிலிருந்து அம்மாவை ஒரு தீபாவளிக்குக் கூடக் கூப்பிட்டதில்லை. இது எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் இன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது. பூனையோடு அந்த அம்மாவும் சேர்ந்து போகிறாள் என்றால் வேறு என்ன வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

சோதனைக்கு வருகிறவர்களுக்கென்று பஸ்லினா கொடுத்த கடுதாசியை இன்றைக்கு மேசையில் வைத்து முழுவதும் வாசித்தேன். தமிழில்தான் இருக்கிறது. தும்மல், அரிப்பு, தடிமன் சளி இவற்றுக்குக் கொடுக்கிற குளிசை மாத்திரைகளைச் சோதனைக்கு ஏழு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். மூச்சுக்கு வாயில் அடிக்கிற பம்பு வழக்கம் போலப் பாவிக்கலாம். நான் எந்தக் குளிசையும் குடிப்பதில்லை. நல்லது.

நல்லம்மா பெஞ்சில் இருந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். "என்னாண்ணே போட்டிருக்கு? சத்தமா வாசிங்களேன்."

"எனக்கு எழுதினது."

"நானுங் கேட்டா தேஞ்சிருமா?"

மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. போன வருடம் வரை எனக்கும் தெரியாது. அப்போதெல்லாம் கரண்ட் பில் வந்தாலும் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் சுதர்சினி சத்தமாக வாசிப்பாள், நாங்கள் இரண்டு பேரும் அதே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்போம். இப்போது பெஞ்சில் அவள் மட்டும். பார்க்க இனிப்பாக இருந்தது.

மார்ச் 26, புதன்

ஒன்றும் வீங்கவில்லை.

பேனையால் புள்ளி வைத்துப் புள்ளிக்குப் பக்கத்தில் குத்தினார்கள். கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூனை இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. கடைசியில் ஒரு சொட்டு, அது யார் கையிலும் வீங்குமாம், சோதனை சரிதானா என்று பார்ப்பதற்காகவே விடுவதாம். அதுவும் வீங்கவில்லை.

பஸ்லினாவின் முகம் மாறிவிட்டது. "ஐயா, தும்மல் குளிசை ஏதும் குடிச்சீங்களா?"

அம்மன் மேல் சத்தியம் செய்தேன். கடுதாசியை நானே வாசித்தேன் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல்ல ஐயா. ஆனா கையில குளிசை தெரியுது."

சித்திரைப் புது வருடம் முடிந்து வேறு நாள் தருவதாகச் சொன்னாள். நீலப் புள்ளிகள் இன்னும் கையில் இருக்கின்றன. சவுக்காரம் போட்டும் போகவில்லை. பஸ்ஸில் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு வந்தேன். வாசிக்கத் தெரியாத ஆள் செய்கிற பிழையை வாசிக்கத் தெரிந்த நான் எப்படிச் செய்வேன்? செய்யவில்லையே.

மார்ச் 27, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

பின்னேரம் எனக்குக் கொத்தமல்லித் தண்ணீர் தருவது அவள் வழக்கம். வாங்கிக் குடிப்பேன், நன்றி சொன்னதில்லை. இன்றைக்குப் பூனை விசயமாக ஒன்று கேட்கலாம் என்று அடுப்படிக்குள் போனேன். டம்ளர் அடியால் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தாள். மஞ்சளாக இருந்தது.

"என்னாது அது?"

"கொத்தமல்லி."

"கொத்தமல்லி மஞ்சளாவா இருக்கும்?"

"தடிமன் குளிசை. பாமசில வாங்குனது. தெனமுந்தான போடுறேன்."

"எத்தன நாளா?"

"மழை தொடங்குனதுல இருந்து. அப்பிடியே குடுத்தா குடிக்க மாட்டீங்க, நான் குடுத்தேன்னு. அதான் நசுக்கிப் போட்டேன். நீங்க இருமி இருமிச் சாவுறதக் கேட்டுக்கிட்டு நான் பக்கத்து ரூம்ல எப்பிடிக் கெடக்கிறது?"

"குளிசை குடிக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே."

"எங்க போட்டிருந்துச்சு?"

"கடுதாசில."

"கடுதாசி என்கிட்ட பேசாதுண்ணே. நீங்கதான் பேசணும். கேட்டேன்ல அன்னைக்கி? எனக்கு எழுதினதுன்னு மடிச்சு வச்சிட்டீங்க."

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு எழுதுறேன். பூனையக் காப்பாத்தத்தான் இந்த வேலை பாத்திருக்கா. வேற என்னா? வேற என்னாவா இருக்கும்?

ஆனால் மழை தொடங்கியது ஐப்பசியில். சோதனையைப் பற்றி அப்போது எனக்கே தெரியாது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இதை இங்கே எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

இனிமேல் எனக்குக் கொத்தமல்லி வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அடுத்த அறைக்குத்தான், மகள் மூலமாக. நானே தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறேன். நன்றாக இல்லை.

ஏப்ரல் 5, சனி

மூச்சு சரியில்லை. படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில். பூனை மயிர் கம்பளியில், சட்டையில், இந்தப் பக்கத்தில் கூட ஒன்று. ஊதித் தள்ளினேன், அதற்கே இருமல். சோதனை வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஏப்ரல் 8, செவ்வாய்

உரச் சாக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். வாயைக் கட்டக் கயிறும். எதற்கு என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்றுத்தான் வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தேன். எழுத்துப் பெரிது பெரிதாக வருகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

புதன்கிழமை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பூனையைப் பிடித்தேன். பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. சாக்குக்குள் ஒரு துண்டுக் கருவாடு போட்டேன், தானே நடந்து உள்ளே போனது. சந்தியில் நிற்கும் பஹீமின் ஓட்டோவில் ஏறி, கண்டிக்கும் அப்பால் உள்ள கடுகண்ணாவைக்குப் போகச் சொன்னேன். அந்த மலைக்கு அந்தப் பக்கம் விட்டால் எந்தப் பூனையும் வழி கண்டுபிடித்து வராது.

"சாக்குல என்ன மாமா?"

"கோழி."

"கோழி மியாவ்னு கத்துது."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

வளைவுகளில் சாக்கு உருளாமல் இருக்க நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். என் முகம் அதன் மேலேயே இருந்தது. பல்லேகல கிரிக்கெட் மைதானம் தாண்டுவதற்குள் தொண்டைக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல ஆகிவிட்டது. பையைத் தடவினேன். பம்பு இல்லை. அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். 'திருப்பு' என்று சொல்லக் கூட வாயில் காற்று இல்லை.

பஹீம் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நடு ரோட்டிலேயே ஓட்டோவைத் திருப்பினான். ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தினான்.

கடையிலிருந்து திரும்பியிருந்த நல்லம்மா சந்தியில் நின்றிருந்தாள், காலில் செருப்பு இல்லாமல். ஒரு கையில் பம்பு, மறு கையில் கிளினிக்கில் கொடுத்த, பம்பில் மாட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் குமிழ். ஓட்டோ நிற்பதற்கு முன்பே ஏறிவிட்டாள்.

"முன்னால சாயுங்க. தோளத் தொங்க விடுங்க. ஊதி விட்டுட்டு இப்ப இழுங்க. இன்னும். எம் புருசனுக்கு இப்பிடித்தான் புடிச்சு விடுவேன். பேசாதீங்க. இழுங்க."

என் மடியில் சாக்கு கத்திக்கொண்டிருந்தது. அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் சாக்கைப் பார்க்கவே இல்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் காற்று உள்ளே போனதும், "தம்பி, ஆஸ்பத்திரிக்கு விடுங்க," என்றாள். அதற்குப் பிறகுதான் கயிற்றை அவிழ்த்தாள். பூனை குதித்துச் சாக்கடைக் கானைத் தாண்டி வீட்டுப் பக்கம் ஓடியது. வெறும் சாக்கை மடித்துச் சீட்டுக்குக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள், அப்போதும் ஒரு வார்த்தை இல்லை.

அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நானும் திட்டியிருப்பேன்.

முதலில் பம்பு. சாக்கு பிறகுதான். நான் அந்த இடத்தில் இருந்தால் எதை முதலில் பார்த்திருப்பேன்?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருடப் பிறப்பு. பலகாரத் தட்டை மகளிடம் கொடுத்து அனுப்பினாள். உப்புக் கூடிய முறுக்கு. முழுவதையும் தின்றேன்.

மே 7, புதன்

வார்டில் இருந்ததால் சோதனையைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். இன்றைக்குத்தான் நடந்தது.

யார் கையிலும் வீங்கும் சொட்டு வீங்கியது. தூசிப் பூச்சி ஒரு சின்னக் கொப்புளம். கரப்பான் ஒன்றுமில்லை. பூனை மட்டும் கல்லில் ஊற்றிய தோசை மாதிரிப் பரந்துவிட்டது, சுற்றிலும் சிவப்பு. அரிப்பு உயிர் போகிறது, ஆனால் சொறியக் கூடாது.

"ஒங்கட காவல்காரர் பூனையத்தான் கூடப் போட்டு அடிக்கிறார்," என்று பஸ்லினா அளவுகோலை வைத்து அளந்தாள். இரத்தத்திலும் அந்த ஆட்கள் நிறையப் பேராம், ஆராய்ச்சிக்கு மிகவும் உதவுமாம்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றேன். இந்த வார்த்தையைச் சொல்ல எத்தனை நாளாகக் காத்திருந்தேன். சொன்ன பிறகு வாயில் ஒரு ருசியும் இல்லை.

"பூனை ஒண்ணுஞ் செய்யல்ல ஐயா. அதில விசமும் இல்ல. ஒங்கட உடம்புதான் அதக் கள்ளன்னு நெனச்சி அடிக்குது."

"விளங்குது," என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

வீட்டில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். நல்லம்மா பெஞ்சில். சுதர்சினி, "என்னப்பா வந்துச்சு?" என்றாள். பஸ்லினா தமிழில் எழுதித் தந்த துண்டை எடுத்தேன். அதை மகளிடம் நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. இந்த வீட்டில் முதல் தடவையாக நானே சத்தமாக வாசித்தேன். தூசிப் பூச்சி, கொஞ்சம். கரப்பான், இல்லை. பூனை, அதிகம். என் குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்தது.

"சரி," என்று எழுந்து போனாள் நல்லம்மா. அலுமாரிக்கு மேலே இருந்து பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

மே 8, வியாழன்

மகளும் மருமகனும் அழுது கெஞ்சிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவில் நின்றேன்.

"கணேஸுக்குப் போன் பண்ணிட்டீங்களா?"

"வாசல்ல போய் நின்னா வேணாம்னா சொல்லிருவான்?"

"சொல்லிருவான்."

திரும்பிப் பார்த்தாள். கையில் இருந்த சேலையால் அடிப்பாளோ என்று நினைத்தேன். "போறவளப் போக விடுங்களேன். இதுக்குத்தான ஆசப்பட்டீங்க?"

"ஆசப்பட்டேன். டெஸ்டுல பூனைன்னுதான் வந்திருக்கு. ஆளப் பத்தி ஒன்னும் வரல."

"நேத்து ஒழுங்கா காதுல விழல. இன்னொருக்கா வாசிங்க."

துண்டை எடுத்து வந்து வாசித்தேன். மேலே இருந்த திகதியிலிருந்து கீழே இருந்த கையெழுத்து வரை எல்லாம். அவள் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"என் பேரு இல்ல?"

"இல்ல."

"குளிசை போட்டது?"

"அதுவும் இல்ல."

"சாக்கு?"

துண்டை மடித்தேன், பிரித்தேன். "பம்ப எங்க வச்சேன்னு தெரியல. காலையில இருந்து தேடுறேன். நீங்களும் போயிட்டா யாரு எடுத்துத் தாறது?"

"கண்ணு முன்னால ஜன்னல் கட்டையில இருக்கு."

"அதத்தான் சொல்றேன்."

மேலே கிடந்த சேலையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுப் பெட்டியை மூடினாள். அலுமாரிக்கு மேலே தூக்கி வைக்க அவளால் முடியவில்லை. என்னாலும் முடியாது. கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டோம்.

ஜூன் 16, திங்கள்

பூனை இப்போது திகன டவுனில் பஹீமின் பெண்சாதி றமீஸாவின் அரிசிக் கடையில் இருக்கிறது. எலி பிடிக்கிறதாம், நம்புவதற்கில்லை. மூட்டை மேல் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரைப் பார்க்கிறதாம், அதை நம்பலாம். நல்லம்மா தினமும் பின்னேரம் போய் அதோடு இருந்துவிட்டு வருகிறாள். வந்ததும் வாசலுக்குள் கால் வைக்காமல் நேரே பின்பக்கக் குழாயில் குளித்து, சேலையையும் அங்கேயே அலசிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். குளிக்கும் நேரமெல்லாம் என்னைத் திட்டுவாள். "ஒரு மனுசன் மூச்சு விடுறதுக்கு நான் சாகுற வரைக்கும் பச்சத் தண்ணில குளிக்கணுமா?" சாம்பிராணி இப்போது வெளிப் படியில். காற்று இந்தப் பக்கம் அடித்தால் என்ன செய்வாள் என்று நேற்றுக் கேட்டேன். அதற்கு ஒரு சண்டை. கொத்தமல்லியில் குளிசை இல்லை, உறைப்பு மட்டும் வேண்டுமென்றே கூட்டிப் போடுகிறாள். அதற்கு ஒரு சண்டை. இவளைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது.

இன்றைக்குக் கிளினிக்கிலிருந்து கடுதாசி வந்தது. அடுத்த இரத்தம் எப்போது, அதற்கு முன் என்ன குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று ஒரு முழுப் பக்கம். பெஞ்சில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் போட்டேன், அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டிலானி டீச்சர் பார்த்தால் ஏசுவாள். வாயைத் திறந்து முதல் எழுத்திலிருந்து சத்தமாக வாசித்தேன். பாதியில் இருமல் வந்துவிட்டது.

"இருமி முடிச்சிட்டு வாசிங்கண்ணே," என்றாள். "கடுதாசி எங்கயும் போயிறாது."